கவலையும் குடும்பமும்

சென்ற ஆண்டு நம் மன்றத்தில் நிகழ்ந்த சொற்போரைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ‘கூட்டுக் குடும்பம் சிதைந்ததற்குக் காரணம் மேல்நாட்டுக் கல்வியே’ என்று ஒரு கட்சி. ‘இல்லை, நகர வாழ்க்கையே’ என்று மற்றொரு கட்சி. இரு கட்சியினரும் நன்றாகவே பேசினர். அன்பு குறைந்தது என்றனர். பொறுமை போயிற்று என்றனர். மருமகள் மாமியாரை மதிப்பதில்லை என்றுகூட ஒரு நண்பர் முழங்கினார். ஆனால் ஒருவராவது கிணற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கிணற்றுக்கும் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நான் பௌதிகம் பயில்கிறவன். ஒரு பொருள் ஏன் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டால், அதைப் பிணைக்கும் விசை எது என்று தேடுவதே எங்களுக்குப் பழக்கம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொங்கு நாட்டுச் சிறு உழவர் குடும்பத்தைப் பிணைத்திருந்த விசைகளுள் பெரியது, கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே தூக்க வேண்டியிருந்த தேவை என்பது என் கருத்து. அன்பு இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அன்பு மட்டும் பயிருக்கு நீர் பாய்ச்சாது.

இக்கட்டுரைக்கு எனக்கு வாய்த்த துணை சைனிக்புரியில் எங்களோடு வாழும் என் அப்பத்தா. படையிலிருந்து ஓய்வு பெற்றோருக்காக எழுந்த குடியிருப்பு அது. இன்று எல்லா வகையினரும் வாழ்கின்றனர். தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அப்பத்தா 1963ஆம் ஆண்டில் மணமாகி அவிநாசிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்தவர். அங்கே தம் மாமியாரிடம், அதாவது என் பூட்டியிடம், பழைய செய்திகளையெல்லாம் கேட்டு மனத்தில் வைத்திருக்கிறார். பூட்டி அந்தத் தோட்டத்துக்கு மருமகளாக வந்தது 1921 வாக்கில். அப்போது அவளுக்கு வயது பதின்மூன்று.

வீட்டுப் பெரியவரைக் கேட்டு எழுதுவது கல்வியாகுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. 1915ஆம் ஆண்டின் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக் கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கென ஏற்பட்ட பேராசிரியர் பதவியில் முதலாவதாக அமர்ந்தவர் அவரே. அவர் தம் மாணவர்கள் கையில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, ‘விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா? உங்கள் ஊரையே ஆராய்ந்து வாருங்கள்’ என்று அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, மக்கள் என்ன உண்கின்றனர் என்று மாணவர்கள் எழுதி வந்தனர். 1918இல் அது நூலாக வெளிவந்தது. இராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரம், திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டான், தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி ஆகிய ஊர்கள் அதனால் பொருளாதார உலகில் பெயர் பெற்றன. 1936-37இல் பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மீண்டும் ஆராயச் செய்தனர். நாம் வாழும் ஹைதராபாத்தும் இதில் பின்தங்கவில்லை, 1929-30இல் எஸ். கேசவ ஐயங்கார் சமஸ்தானத்துக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய்ந்தார். இவற்றுக்கெல்லாம் மூலப் பொருள் ஊரார் வாய்ச்சொல்தான்.

இனி, தோட்டத்துக்கு வருவோம்.

தஞ்சை நண்பர்கள் ஊர் என்றவுடன் தெரு, கோயில், குளம், சுற்றிலும் வயல் என்று நினைப்பார்கள். கொங்கு நாட்டு உழவன் பெரும்பாலும் தன் நிலத்தின் நடுவிலேயே குடியிருந்தான். ஓலை வேய்ந்த சாளை, பக்கத்தில் மாட்டுக் கட்டுத்தரை, சோளத்தட்டுப் போர், சற்றுத் தள்ளிக் கிணறு. அடுத்த வீட்டுக்குக் கூப்பிடு தூரம். எங்கள் முன்னோருக்கு இருந்தது கிணற்றுப் பாய்ச்சலுள்ள தோட்டம் மூன்று ஏக்கர், வானம் பார்த்த காடு ஐந்து ஏக்கர், மாடு மேயக் கிளுவை வேலி போட்ட கொறங்காடு சிறிது. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கும். காங்கேயம் மாடுகள் அந்தப் புல்லில் வளர்ந்தவையே. ஆறு இல்லை, ஏரி இல்லை. மழையோ குறைவு. ஆகவே பாறையை உடைத்து வெட்டிய முப்பதடிக் கிணறே தாயும் தந்தையும்.

அந்தக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கருவிக்குக் கவலை என்று பெயர். தென்மாவட்டங்களில் கமலை என்பர். தெலங்கானாவில் மோட்ட. எங்கள் தெருவில் காவல் வேலை பார்க்கும் முதியவரிடம் நான் கையை ஆட்டிச் செய்து காட்டியதுமே, ‘மோட்ட பாவி’ என்று முகம் மலர்ந்தார். தெலுங்கில் பாவி என்றால் கிணறு. வைதாரோ என்று முதலில் ஒரு கணம் திகைத்தேன்!

கவலையின் அமைப்பு மிக நுட்பமானது. பெரிய இரும்புச் சால். அதன் அடியில் வாய். அந்த வாயோடு பொருத்திய நீண்ட தோல் வால், இரு பக்கமும் திறந்த குழாய் போன்றது. அடியில் ஓட்டையுள்ள பாத்திரத்தில் நீர் எப்படித் தங்கும்? இங்கேதான் நம் முன்னோரின் பௌதிகம் இருக்கிறது. சாலைத் தூக்கத் தடித்த வடக்கயிறு, வாலின் நுனியைத் தூக்க மெல்லிய வால் கயிறு என இரண்டு கயிறுகள். கீழிருந்து மேலே வரும்போது வால் கயிறு தோல் வாலை மடித்து, அதன் நுனியைச் சாலின் விளிம்புக்கு மேலே நிறுத்தி வைக்கும். நீர் தன் மட்டத்துக்கு மேல் ஏறாது என்பதால் ஒழுகாது. சால் கிணற்றின் மேல்வாய்க்கு வந்ததும், வடம் உயரத்திலுள்ள உருளையை நோக்கிச் சாலை இன்னும் மேலே இழுக்கும். வால் கயிறு ஓடுவதோ கிணற்று விளிம்பிலுள்ள தாழ்ந்த உருளையின் மேல். எனவே வாலின் நுனி தாழ்ந்து வெளியே நீண்டு தொட்டியில் விழும். நீர் தானே கொட்டிவிடும். யாரும் கையால் தொட வேண்டுவதில்லை. கயிறுகளின் நீளத்தைச் சரியாக அமைப்பதே வித்தை.

கயிறுகளை இழுப்பன இரண்டு எருதுகள். கிணற்றிலிருந்து விலகிக் கீழ்நோக்கிச் சரியும் பாதையில், எங்கள் பக்கத்தில் வாரி என்பார்கள், அவை இறங்கும். சரிவில் இறங்குவதால் மாட்டின் எடையும் இழுப்புக்கு உதவுகிறது. ஓட்டுபவனும் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பான். நீர் கொட்டியதும் மாடுகள் திரும்பாமல் அப்படியே பின்னோக்கி நடந்து ஏற வேண்டும். எல்லா மாடும் இதைச் செய்யாது. பழகிய கவலை மாட்டை உழவன் பிள்ளையைப்போல் காத்ததற்குக் காரணம் இதுவே.

இப்போது ஒரு கணக்கு. சால் ஒன்றுக்கு 30 காலன், ஆழம் 30 அடி, நிமிடத்துக்கு ஒரு சால் என்று வைத்துக்கொள்வோம். வேலை வீதம் ஏறத்தாழ 200 வாட். கால் குதிரைத் திறனுக்குச் சற்று மேல். ஓர் ஏக்கருக்கு இரண்டு அங்குல நீர் பாய்ச்ச வேண்டுமானால் சுமார் 45,000 காலன் தேவை. அதாவது 1,500 சால். விடாமல் இறைத்தாலும் 25 மணி நேரம்! மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஆகவே ஓர் ஏக்கருக்கு மூன்று நாளுக்கு மேல். மூன்று ஏக்கரைச் சுற்றி முடிக்கப் பத்து நாள். முடிக்கும்போது முதல் ஏக்கர் மீண்டும் வாடி நிற்கும். கோடைப் பயிருக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை நீர் என்று கொண்டால், ஒரு சோடி மாட்டால் காக்கக்கூடிய நிலம் மூன்று ஏக்கர்தான். தோட்டத்தின் அளவை வகுத்தது ஆசையன்று, எருதின் தசை.

இன்னொன்றும் கூறுகிறேன். ஒரு சாலுக்கு முப்பதடி இறங்கி முப்பதடி ஏற வேண்டும். ஓர் ஏக்கரை நனைக்க மாடும் மனிதனும் நடக்கும் தூரம் 17 மைல். அதில் பாதி பின்னோக்கி. சைனிக்புரியில் எங்கள் மாடித் தொட்டியும் தரையிலிருந்து ஏறக்குறைய முப்பதடி உயரம். ஆயிரம் லிட்டர் பிடிக்கும். என் தங்கை பல் துலக்கிக்கொண்டே விசையைத் தட்டி அதை நிரப்புகிறாள். கவலையில் அது எட்டுச் சால்.

சரி, இந்த வேலைக்கு எத்தனை ஆள் வேண்டும்? மாட்டை ஓட்ட ஒருவன். வாய்க்காலோடு ஓடிப் பாத்திக்குப் பாத்தி மடை திருப்ப ஒருவர். இருவரும் கிணற்றடியில் நிற்கும்போது, மாட்டுக்குத் தட்டு அறுத்துப் போட, சாணம் வார, களை எடுக்க, சோறு கொண்டு வர வேறு கைகள். இவை எல்லாம் ஒரே நேரத்தில் நடைபெற வேண்டும். கணவன், மனைவி, கைக்குழந்தை என்ற மூவர் குடும்பத்தால் இது முடியுமா? முடியாது. ஓட்டுபவன் காய்ச்சலில் படுத்தால் மூன்றாம் நாள் பயிர் காயும். எனவே அண்ணன் தம்பியர் பிரிய இயலவில்லை. பிரிந்தால் நிலத்தைப் பங்கிடலாம். கிணற்றையும் வாரியையும் ஒரு சோடி மாட்டையும் எப்படிப் பங்கிடுவது? மணமானதும் தனிக்குடித்தனம் போக ஆசை அக்காலத்து மருமகளுக்கும் இருந்தது என்று அப்பத்தா உறுதியாகச் சொல்கிறார். ‘ஆசையிருந்து என்ன பண்றது? மாடு ஒரு சோடிதானே’ என்பது அவர் விளக்கம். மாட்டையும் வாரியையும் பார்த்தறியாத நம் சொற்போர் வீரர்களுக்கு இது தோன்றாததில் வியப்பில்லை.

1921இல் எங்கள் சாளையில் உண்டவர் பதினொருவர். கோழி கூவுமுன் ஆண்கள் கவலை பூட்டுவர். அதற்கும் முன் எழுந்தவர்கள் பெண்கள். பால் கறந்து, மோர் கடைந்து, உரலில் கம்பு குத்தி, திரிகையில் ராகி அரைத்து, பதினொரு வயிற்றுக்குக் களியோ கூழோ ஆக்கி, வெயில் ஏறுமுன் கிணற்றடிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். பின்பு களைவெட்டு, பருத்திக் காலத்தில் பருத்தி எடுப்பு. மாலையில் மீண்டும் உரல். நெல்லுச் சோறு நோம்பிக்கும் விருந்தாளிக்கும் மட்டும். முதலில் ஆண்கள் உண்பர், பிறகு பிள்ளைகள், கடைசியில் மருமகள்கள். களி தீர்ந்துவிட்டால் மோர். பூட்டி தன் முதுமையிலும் உட்கார்ந்து உண்ணக் கூசினாளாம். நின்றபடியே உண்டு பழகிவிட்டாள்.

ஏழு வயதுப் பையன் மடை திருப்பினான். பெண் குழந்தை கைக்குழந்தையைச் சுமந்தாள் அல்லது ஆடு ஓட்டினாள். பள்ளிக்கூடம் ஒன்றரை மைல் தொலைவில் இருந்தது. எங்கள் பாட்டன்மாருள் ஒருவர் மூன்று ஆண்டும் மற்றொருவர் ஓராண்டும் படித்தனர். பெண்கள் யாரும் போகவில்லை. 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒருவர்தாம்; ஆகவே எங்கள் வீடு மட்டும் பொல்லாத வீடு என்று நினைக்க வேண்டா. பெண்ணைப் பன்னிரண்டு பதின்மூன்றில் மணம் முடித்ததற்குச் சாத்திரம் மட்டும் காரணமன்று. மகள் போனால் ஒரு கை குறையும். மருமகள் வந்தால் ஒரு கை கூடும். களைவெட்டுக்கு முன்பே கலியாணத்தை முடிக்க மாப்பிள்ளை வீட்டார் துடித்ததன் பொருள் இப்போது விளங்கும். சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி, மணப்பெண்ணுக்குக் குறைந்த வயது பதினான்கு என்று வைத்தது. அந்தச் செய்தி தோட்டத்துக்கு வந்து சேரப் பல்லாண்டு ஆயிற்று.

குடும்பம் என்று நான் சொல்லும்போது சாளைக்குள் உண்டவரை மட்டும் எண்ணினால் அது பொய்க் கணக்கு. சாலின் தோல் வால் ஓயாமல் தேயும், கிழியும். தோலைப் பதப்படுத்தி அதைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். எங்கள் தோட்டத்தோடு ஒரு அருந்ததியர் குடும்பம் பரம்பரையாகப் பிணைந்திருந்தது. வால் தைப்பது, வடம் பார்ப்பது, முறை வரும்போது மாடு ஓட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. கூலி, ஆண்டுக்கு இத்தனை வள்ளம் கம்பு. முன்பணம் வாங்கியிருந்தால் விட்டுப் போகவும் இயலாது. அவர்கள் தைத்த தோல் வழியே வந்த நீரை எங்கள் வீட்டார் குடித்தனர். அவர்களோ அந்தக் கிணற்றில் இறங்கக் கூடாது. கைகளைக் குவித்து நிற்க, மேலிருந்து ஊற்றுவார்கள். ஒரே தண்ணீருக்கு இரண்டு நியாயம். பழங்காலத்தைப் பொற்காலம் என்போர் இந்தக் குவிந்த கைகளுக்கு என்ன பெயர் சூட்டுவார்கள்?

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விளைந்தாலும் விளையாவிட்டாலும் கிஸ்தி கட்ட வேண்டும், அதுவும் ரொக்கமாக. தானியம் வீட்டுக்கு, பருத்தி கிஸ்திக்கு. நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கம்போடியாப் பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தது. நீர் பாய்ச்சிய நிலத்தில் அது நன்கு விளைந்ததால் கோவை மாவட்டத்துத் தோட்டங்களில் விரைவில் பரவிற்று. கையில் நாலு காசு வந்தது. கூடவே கிணற்றை ஆழப்படுத்தும் ஆசையும் கடனும் வந்தன. கிணறு வெட்ட அரசாங்கம் கடன் தர 1883ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. கோவை மாவட்டத்தை நன்கறிந்த பிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அளித்த அறிக்கை கூட்டுறவு முறைக்கு வழி காட்ட, 1904இல் சட்டமும் வந்தது. அவ்வாண்டே திரூரில் முதற் சங்கம் பதிவாயிற்று. எங்கள் பூட்டனுக்கு இவை ஒன்றும் எட்டவில்லை. பக்கத்துத் தோட்டத்தாரிடம் பத்திரம் எழுதிக் கொடுத்தே வாங்கினார். 1930க்குப் பின் விளைபொருள் விலை வீழ்ந்தபோது அந்தக் கடன் மலைபோல் நின்றது.

சாவும் இந்த உழைப்புக் கணக்கில் உண்டு. பூட்டி பெற்றது எட்டு, தங்கியது நான்கு. 1911 முதல் 1921 வரையான பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ இருபது ஆண்டே என்று கணக்கிட்டிருக்கின்றனர். அதை அவ்வளவு கீழே இறக்கியது 1918இல் உலகைச் சூறையாடிய இன்புளுவென்சா. எங்கள் தோட்டத்தில் அது மூத்த அண்ணனைக் கொண்டு போயிற்று. கவலை ஓட்டுவதில் அவரே கெட்டிக்காரராம். அவர் மனைவிக்கு அப்போது வயது பதினேழு. குழந்தை இல்லை.

அவளைப் பெரிய பூட்டி என்பார் அப்பத்தா. பிறந்த வீடு அழைத்தது; புகுந்த வீடு விடவில்லை. ‘ஒரு கை குறைந்திருக்கும்போது இன்னொரு கையை எப்படி விடுவது?’ அவள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு மடை திருப்பினாள். மாடு ஓட்டவும் கற்றுக்கொண்டாள். பெண் கவலை ஓட்டுவதைப் பார்க்க வழிப்போக்கர் நின்றனராம். அடுத்து வந்த நாற்பத்தைந்து ஆண்டுகள் அந்தக் கிணற்றின் நீரில் பெரும்பகுதி அவள் உழைப்பால் மேலே வந்தது. ஆனால் அன்றைய இந்து சட்டப்படி, பிரியாத குடும்பத்தில் மகனின்றி இறந்தவனுடைய பங்கு உடன் பிறந்தாருக்கே போகும். மனைவிக்குச் சோறும் துணியுமே உரிமை. 1937இல் கைம்பெண்களுக்குச் சொத்துரிமை தரும் சட்டம் வந்தது. அது வேளாண் நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941இல் பெடரல் கோர்ட் கூறியது. சென்னை மாகாணம் 1947இல் தனிச் சட்டம் செய்து நிலத்தையும் சேர்த்தது. எல்லாம் சரி, ஆனால் அவள் கணவர் இறந்தது 1918இல் அன்றோ! பின்னர் வந்த சட்டம் முன்னர் இறந்தவனின் மனைவிக்கு உதவவில்லை.

பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரக் கம்பி கோவைப் பகுதிக்கு முன்பே வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக்கு வந்தது 1964இல். ஐந்து குதிரைத் திறன் மோட்டார் ஒன்று. பாதித் திறன் வீணாகிறது என்று கொண்டாலும், கவலை மூன்று நாளுக்கு மேல் இறைத்த நீரை அது மூன்று மணி நேரத்துக்குள் இறைத்துவிடும். விசையைத் தட்ட ஓர் ஆள் போதும். அடுத்த தையில் கவலை மாடுகளைச் சந்தையில் விற்றனர். தோல் வால் தைத்த குடும்பத்தார் திருப்பூர்ப் பக்கம் வேலை தேடிப் போயினர். 1967இல், மோட்டார் வந்த மூன்றாம் ஆண்டில், பாகம் பிரித்தனர். யாரும் சண்டையிடவில்லை; மருமகள்மாரிடையே புதிதாக மனக்கசப்பு எதுவும் முளைக்கவுமில்லை. இத்தனை காலம் பிரிய முடியாதவர்கள், பிரிய முடிந்ததும் பிரிந்தனர்.

பாகப் பத்திரத்தின் படியை என் தந்தை சைனிக்புரியில் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார். நான் அதை எழுத்தெழுத்தாகப் படித்தேன். மோட்டார் ஒருநாள் விட்டு ஒருநாள் யாருக்கு என்பது இருக்கிறது. மோட்டார் அறையின் சாவி, மூன்று தென்னை, ஒரு வேம்பு, கல் தொட்டி இரண்டு, தூர்ந்த வாரியின் மண் யாருக்கு என்பதுகூட இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், ஆயுள் உள்ளவரை மாதம் மாறி மாறி இரு வீட்டாரும் சோறு போட்டு, ஆண்டுக்கு இரண்டு சேலை எடுத்துத் தர வேண்டியது என்று ஒரு வரி. அந்த வரியில்தான் பெரிய பூட்டியின் பெயர் வருகிறது.